இது எந்தப் பாடம்? நிதியியல் ஆய்வேடுகளின் முன்கதை

நிதியும் முதலீடும் என்ற துறையில் இன்றைக்கு முதுமாணி ஆய்வேடு எழுதப் போகிறவருக்கு அச்சு ஏற்கெனவே தயார். அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல், தரவுப் பகுப்பாய்வு, முடிவுரை. கொழும்புப் பங்குச் சந்தையின் பத்து வருட விலைகளை எடுத்து, மென்பொருளில் ஓடவிட்டு, வருகிற அட்டவணைகளை ஒழுங்காக ஒட்டினால் பாதி வேலை முடிஞ்சுது என்று அந்தப் பக்கத்து நண்பர்களே பகிடி விடுவார்கள்.

நாங்கள் கலைப்பீடம். அந்த ஆய்வேடுகளின் சமன்பாடுகளைவிட இலக்கிய மீளாய்வு அத்தியாயம்தான் எங்களுக்குச் சுவாரசியம். எழுமாற்று நடை, முதலீட்டுத் தொகுப்பு, வினைத்திறன் உள்ள சந்தை என்று அங்கே திரும்பத் திரும்ப வருகிற சொற்களின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், கனக்க நேரம் அது ஒரு மாணவனின் ஆய்வேட்டில்தான் போய் நிற்கும். அந்த ஆய்வேடுகள் எழுதப்பட்டபோது இந்தத் துறைக்குப் பல்கலைக்கழகத்தில் தனக்கென்று ஒரு கதிரை இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மேசையின் மறுபக்கம் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி இருந்தது. தம்பி, எல்லாம் சரி, இது எந்தப் பாடம்?

முதலாவது ஆள் லூயி பாஷெலியே. 1870 இல் பிரான்சின் துறைமுக நகரமான லு ஆவ்ரில் பிறந்தவர். தகப்பன் வைன் வியாபாரி. 1889 இல் தாயும் தகப்பனும் அடுத்தடுத்து இறந்துபோக, படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்ப வியாபாரத்தையும் சகோதரியையும் மூன்று வயதுத் தம்பியையும் பார்க்க வேண்டிய நிலை. அதற்குப் பிறகு கட்டாய இராணுவ சேவை. பாரிசுக்கு, சோர்போனுக்கு வந்து சேர்ந்தபோது வயது 22. நடுவில் கடையில் நின்று, வீட்டைப் பார்த்து, பிந்தி வளாகத்துக்கு வருகிற எங்கட ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஒருவர்.

1900 மார்ச் 29 அன்று, கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் பரீட்சகர்கள் முன் கொண்டுபோன ஆய்வேட்டின் பெயர் 'ஊகவணிகக் கோட்பாடு'. மேசையில் இருந்தவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை: போல் அப்பெல், ஜோசப் புசினெஸ்க், ஆன்றி புவான்காரே. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கணிதத்தில் புவான்காரேவுக்கு மேலே ஆள் இல்லை என்றே சொல்லலாம். மற்ற மாணவர்கள் சார்புகளையும் வகையீட்டுச் சமன்பாடுகளையும் கொண்டுபோகிற இடத்துக்கு இவர் கொண்டுபோனது பாரிஸ் சந்தையில் விலை ஏறி இறங்குகிற கதை.

அவர் பார்த்தது கம்பனிப் பங்குகளை இல்லை. பிரெஞ்சுக்காரர் 'ராந்த்' என்று சொல்லுகிற அரச கடன் பத்திரங்களை. அரசாங்கம் கடன் வாங்கும், வட்டியைத் தவணைக்குத் தவணை கொடுக்கும், முதலை எப்போது திருப்பித் தரும் என்று திகதி போடாது. பத்திரம் வைத்திருக்கிறவருக்குக் காசு தேவையென்றால் சந்தையில் இன்னொருவருக்கு விற்க வேண்டியதுதான். 1870-71 போரில் தோற்று, ஜேர்மனிக்கு 500 கோடி பிராங் இழப்பீடு கட்ட வேண்டி வந்தபோது பிரான்ஸ் அந்தக் காசைத் திரட்டியதும் இப்படியான பத்திரங்களை விற்றுத்தான். 2022 இல் பிணைமுறி, கடன் மறுசீரமைப்பு என்ற சொற்களை பஸ்ஸிலும் சலூனிலும் கேட்டுப் பழகின எங்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

இந்தப் பத்திரங்களை வைத்து இன்னொரு வியாபாரமும் நடந்தது. மாதக் கடைசியில் இன்ன விலைக்கு வாங்குவேன் என்று இன்றைக்கே பேசி வைப்பது. விலை விழுந்துவிட்டால் ஒரு சிறு தொகையைக் கைவிட்டு விலகலாம் என்ற நிபந்தனையோடு பேசி வைப்பது. காணி வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் அட்வான்ஸோடு போய்விடும் தானே, கிட்டத்தட்ட அதுதான். அப்படி விலகிக்கொள்ளுகிற உரிமைக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? பாஷெலியே கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பியது இதை.

இதில் ஒரு மானப் பிரச்சினையும் இருந்தது. 1885 இல் ஒரு சட்டம் வந்து அங்கீகரிக்கும்வரை, இந்த மாதிரித் தவணை வியாபாரத்தில் தோற்றவர் 'இது சூதாட்டக் கடன், கட்ட ஏலாது' என்று நீதிமன்றத்தில் நின்று தப்பப் பார்க்கலாம். சட்டம் மாறிப் 15 வருடம்தான் ஆகியிருந்தது. சூதாட்ட வாடை முழுதாகப் போகாத ஒரு விஷயத்தை, பிரான்சின் முதல்தரப் பீடமொன்றுக்குள் பட்டத்துக்காகக் கொண்டுபோகிறார் ஒரு வைன் வியாபாரியின் மகன்.

அவருடைய வாதம் தொடங்குகிற இடத்தில் கணிதமே இல்லை. ஒரு விலையில் வியாபாரம் நடந்திருக்கிறது என்றால், அந்த விலைக்கு வாங்க ஒருவரும் விற்க ஒருவரும் இருந்திருக்கிறார்கள். வாங்கினவர் ஏறும் என்று நினைக்கிறார், விற்றவர் இறங்கும் என்று நினைக்கிறார். சந்தை முழுவதையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அந்த ஆள் ஏற்றத்தையும் நம்பவில்லை, இறக்கத்தையும் நம்பவில்லை. ஊகவணிகரின் கணித எதிர்பார்ப்பு பூச்சியம்.

அங்கேயிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் பெரிது. விலை எவ்வளவு தூரம் விலகும் என்பது நாட்களோடு நேராக வளராது, நாட்களின் வர்க்கமூலத்தோடு வளரும். ஒரு நாளில் எதிர்பார்க்கிற விலகலின் இரண்டு மடங்குக்கு நான்கு நாள் வேண்டும், மூன்று மடங்குக்கு ஒன்பது நாள். (இதே வர்க்கமூல விதியை 1863 இலேயே பாரிசில் தரகர் ஒருவரிடம் வேலை செய்த ஜூல் ரெஞோ ஒரு புத்தகத்தில் சொல்லிவிட்டார். அவரை வரலாறு கண்டுபிடிக்க இன்னும் அதிக காலம் எடுத்தது. அது வேறு கதை.) 1894 முதல் 1898 வரையான சந்தை விலைகளோடு பாஷெலியே தன் முடிவுகளை ஒப்பிட்டும் பார்த்தார். ஒரு விலையின் நிகழ்தகவு காலம் போகப் போகப் பரவுவது, ஒரு பொருளில் வெப்பம் பரவுவதைப் போல இருக்கிறது என்றும் காட்டினார். தண்ணீரில் மிதக்கிற நுண்துகள்களின் தடுமாற்றத்தை ஐன்ஸ்டீன் விளக்கியது 1905 இல். பாஷெலியேயை அறியாமலே அவர் வந்து சேர்ந்த அந்தக் கணிதம், ஐந்து வருடம் முந்தியே கடன் பத்திரச் சந்தைக்குள் இருந்து வந்திருந்தது.

புவான்காரே எழுதிய அறிக்கை இன்றும் இருக்கிறது. எடுத்துக்கொண்ட விடயம் எங்கள் மாணவர்கள் வழமையாகத் தொடுபவற்றில் இருந்து சற்றுத் தள்ளியது என்று தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். ஆனால் அதோடு விடவில்லை. நிகழ்தகவு விதியை வருவித்த முறை மிகவும் புதியது என்று பாராட்டுகிறார், அந்த வெப்பப் பரவல் பகுதியை இன்னும் விரித்து எழுதியிருக்கலாமே என்று ஆதங்கப்படுகிறார். கடைசியில் கிடைத்த தரம் 'மதிப்புக்குரியது'. 'மிகவும் மதிப்புக்குரியது' கிடைக்கவில்லை. பல்கலைக்கழக வேலை தேடுகிறவருக்கு அந்த 'மிகவும்' தேவைப்பட்டது என்றுதான் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் கருதுகிறார்கள்.

மேதையைப் புரிந்துகொள்ளாத மூடப் பேராசிரியர்கள் என்ற கதை இணையத்தில் நல்லா ஓடும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஆய்வேடு அதே வருடம் ஒரு மதிப்பான கணித இதழில் வெளிவந்தது. 1931 இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகரோவ் நிகழ்தகவு பற்றிய தன் முக்கியமான கட்டுரையில் பாஷெலியேயின் பெயரைச் சொல்கிறார். ஆக, அவரை ஒருவரும் அறியவில்லை என்பது பொய். கணிதக்காரர் அறிந்திருந்தார்கள், ஆனால் சந்தை அவர்களுக்கு வேண்டாத விஷயம். பொருளியலோ அந்தக் காலப் பிரான்சில் சட்ட பீடங்களில் படிப்பிக்கப்பட்டது, அங்கே இந்தக் கணிதத்தை வாசிக்க ஆளில்லை. இவர் எங்கட ஆள் என்று கையைப் பிடித்து உள்ளே இழுக்க இரண்டு பக்கத்திலும் ஒருவரும் இல்லாமல் போனதுதான் நடந்தது.

பிறகு வந்த வருடங்களை வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். 1909 இலிருந்து சோர்போனில் நிரந்தரமில்லாத விரிவுரைகள். 1914 இல் அதை நிரந்தரமாக்கப் பேச்சு வந்தது, முதலாம் உலகப் போரும் வந்தது. சாதாரண சிப்பாயாகப் போனவர் திரும்பியது 1918 கடைசியில். பிறகு பெசான்சோன், திஜோன், ரென் என்று ஊர் ஊராகத் தற்காலிகப் பதவிகள். 1926 இல் திஜோனில் ஒரு நிரந்தர இடம் வெற்றிடமாக, விண்ணப்பித்தார். அவருடைய 1913 கட்டுரை ஒன்றில் பிழை இருப்பதாக அங்கிருந்த ஒருவர் கண்டுபிடித்து, ஒரு பகுதியை மட்டும் போல் லெவிக்கு அனுப்பிக் கேட்க, லெவியும் ஆமாம் பிழைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முழுக் கட்டுரையையும் லெவி அப்போது வாசிக்கவில்லை. வேலை போனது. கொல்மகரோவின் கட்டுரையில் பாஷெலியேயின் பெயரைக் கண்ட பிறகு லெவி அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார், இருவரும் சமாதானமானார்கள். ஆனால் நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்கு முதன்முதலில் கிடைத்தது 1927 இல், பெசான்சோனில், 57 வயதில். 1937 இல் ஓய்வு. 1946 இல் மரணம். அதே வருடம்தான் அமெரிக்காவில் 'ஜேர்னல் ஒஃப் பினான்ஸ்' என்ற இதழின் முதல் இலக்கம் வெளிவந்தது.

பொருளியல்காரர் அவரைக் கண்டெடுத்தது 1950களின் நடுப்பகுதியில். ஜிம்மி சவேஜ் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் நூலகத்தில் பாஷெலியேயின் 1914 ஆம் ஆண்டுப் புத்தகமொன்றைத் தற்செயலாகக் கண்டு, தனக்குத் தெரிந்த பொருளியலாளர்களுக்கு இந்த ஆளைத் தெரியுமா என்று தபாலட்டை போட்டார். அட்டை கிடைத்தவர்களில் ஒருவர் எம்.ஐ.ரி.யின் போல் சாமுவேல்சன். அவர் தேடிப் போனபோது அந்த 1900 ஆம் ஆண்டு ஆய்வேடு அவர்களுடைய நூலகத்திலேயே இருந்தது. 1964 இல் போல் கூட்னர் தொகுத்த ஒரு நூலில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

இனிச் சிக்காகோ. அங்கே 1950 அளவில், ஆய்வேட்டுக்குத் தலைப்பு இல்லாமல் ஒரு மாணவர் தன் மேற்பார்வையாளரின் அறைக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தார். பெயர் ஹரி மார்க்கோவிட்ஸ், பொருளியல் மாணவர். அதே கதவுக்கு வெளியே காத்திருந்த இன்னொருவர் ஒரு பங்குத் தரகர். பேச்சுக் கொடுத்தபோது, பங்குச் சந்தையைப் பற்றி எழுதினால் என்ன என்று அவர் கேட்டார். மேற்பார்வையாளர் ஜேக்கப் மார்ஷக்கிடம் மார்க்கோவிட்ஸ் அதைச் சொன்னபோது, மார்ஷக் தனக்கு அந்தப் பக்கத்து நூல்கள் தெரியாது என்று வணிகக் கல்லூரியில் இருந்த மார்ஷல் கெச்சமிடம் அனுப்பிவிட்டார். கெச்சம் வாசிப்புப் பட்டியல் ஒன்று கொடுத்தார்.

அந்தப் பட்டியலில் ஜோன் பர் வில்லியம்ஸ் 1938 இல் வெளியிட்ட ஒரு நூல் இருந்தது. ஒரு பங்கின் பெறுமதி, எதிர்காலத்தில் அது தரப்போகிற பங்கிலாபங்களின் இன்றைய பெறுமதி என்பது அதன் சாரம். நூலகத்தில் இருந்து அதை வாசித்தபோது மார்க்கோவிட்ஸுக்கு ஒரு சின்ன இடறல். எதிர்பார்க்கிற வருமானம் மட்டும்தான் முக்கியம் என்றால், மிகக் கூடுதலாகத் தரக்கூடிய ஒரே ஒரு பங்கில் முழுக் காசையும் போடுவதுதானே புத்தி? ஒருவரும் அப்படிச் செய்வதில்லையே. ஏன்? இடருக்குப் பயந்து பிரித்துப் போடுகிறார்கள். அப்போ, அந்த இடரை எப்படி அளப்பது? நியம விலகலைக் கொண்டு அளக்கலாம் என்றால், பல பங்குகள் சேர்ந்த தொகுப்பின் விலகல் ஒவ்வொன்றினதும் தனித்தனி விலகலை மட்டும் பொறுத்தது இல்லை, அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து ஆடுகின்றன என்பதையும் பொறுத்தது.

இதை ஊர்ப் பக்கமாகச் சொன்னால் இப்படி. ஒரே தறையில் வெங்காயமும் மிளகாயும் வைத்துவிட்டு, இரண்டு பயிர் வைத்திருக்கிறேன், பயமில்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒரே வெள்ளம் இரண்டையும் அழிக்கும். எத்தனை வகை என்பது கணக்கில்லை, எவை ஒன்றாக விழும் என்பதுதான் கணக்கு. மார்க்கோவிட்ஸ் சொன்ன உதாரணம் ரயில்வே. அறுபது ரயில்வேக் கம்பனிகளில் காசைப் போடுவது, ரயில்வே, சுரங்கம், மின்சாரம் என்று வெவ்வேறு தொழில்களில் போடுவதற்கு ஈடாகாது. 1952 மார்ச்சில் ஜேர்னல் ஒஃப் பினான்ஸில் 15 பக்கத்தில் இது வந்தது.

பரீட்சை நாளில் மேசையில் மில்ரன் பிரீட்மன் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கிளப்பிய ஆட்சேபனை மார்க்கோவிட்ஸ் பிறகு தன் நோபல் உரையிலும் சொன்ன பகிடி ஆகிவிட்டது: இது பொருளியல் இல்லை, பொருளியல் இல்லாத ஆய்வேட்டுக்குப் பொருளியல் கலாநிதிப் பட்டம் தர முடியாது. பாதி விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்று மார்க்கோவிட்ஸ் நினைக்கிறார், ஏனென்றால் பெரிய விவாதமில்லாமல் பட்டம் கிடைத்துவிட்டது. 1990 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் பிரீட்மனோடு ஒத்துப்போனார். அந்த நாளில் அது பொருளியலின் பகுதியாக இருக்கவில்லைத்தான், இப்ப இருக்கு என்றார்.

1900 இல் புவான்காரே எழுதியதும் 1950களில் பிரீட்மன் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு ஏன் ஒருவருக்கு 57 வயது வரை அலைச்சல், மற்றவருக்குப் பரிசு? மார்க்கோவிட்ஸின் கணிதம் கூடத் திறமானதா? இல்லை, பாஷெலியேயினது இன்னும் ஆழமானது என்று சொல்லக் கனபேர் இருக்கிறார்கள். எங்களுக்குப் படுகிற வித்தியாசம் சுற்றிவர இருந்த ஆட்களில். கதவுக்கு வெளியே ஒரு தரகர், எனக்குத் தெரியாது அவரிடம் போ என்று சொல்லக்கூடிய ஒரு மேற்பார்வையாளர், வேறு பீடத்தவர் என்று பார்க்காமல் பட்டியல் எழுதிக் கொடுத்த ஒருவர், ஆறு வயதுகூட ஆகாத ஒரு புது இதழ். மார்ஷக் இருந்த கவுல்ஸ் ஆணைக்குழுவை 1932 இல் தொடங்கிய அல்பிரட் கவுல்ஸே பங்குச் சந்தைச் சோதிடம் சொல்லுகிறவர்களுக்கு உண்மையில் ஏதும் தெரியுமா என்று தேடிப் பார்த்த ஆள். அந்த வீட்டுக்குள் சந்தை தீட்டு இல்லை.

அடுத்த தலைமுறையில் வழி இலகுவாகிவிட்டது. வில்லியம் ஷார்ப் தான் முதலில் எடுத்த தலைப்பைக் கைவிட வேண்டி வந்தபோது, அவருக்குக் கைகொடுத்து ஆய்வேட்டை வழிநடத்தியவர் மார்க்கோவிட்ஸ்தான், அதுவும் அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பதவியும் இல்லாமல்.

யூஜின் பாமா எங்களுக்குப் பிடித்த ஆள், காரணம் உங்களுக்கே விளங்கும். முதல் பட்டத்துக்கு அவர் எடுத்த பாடம் பிரெஞ்சு. கலைப்பீட ஆள்! படிக்கிற காலத்தில் செலவுக்காக, பங்கு விலை எதிர்வுகூறல் நடத்திய ஒரு பேராசிரியரிடம் வேலை பார்த்தார். பழைய விலைகளில் நன்றாக வேலை செய்கிற சூத்திரங்களைக் கண்டுபிடிப்பார், புது விலைகளில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. 1960 இல் சிக்காகோவுக்கு விண்ணப்பித்துப் பதில் வராமல் போக, தொலைபேசி எடுத்தார். உங்கள் விண்ணப்பம் எங்களிடம் இல்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தவருக்கென்று ஒரு புலமைப்பரிசில் இருக்கிறது, வேணுமா என்று கேட்டார்களாம். அங்கே ஆய்வேட்டுக்கு ஐந்து தலைப்போடு மேர்ட்டன் மில்லரிடம் போனார். நான்கை மில்லர் மெதுவாக மிதித்துப் போட்டார். ஐந்தாவதுதான் அந்தச் சம்பளத்துக்குச் செய்த வேலையின் மிச்சம்: டவ் ஜோன்ஸ் பட்டியலின் 30 கம்பனிகளின் தினசரி விலைகள், 1957 கடைசியிலிருந்து 1962 செப்டெம்பர் வரை.

அந்த ஆய்வேடு 1965 இல் அச்சில் வந்தது. நேற்றைய விலையை வைத்து நாளைய விலையைச் சொல்ல முடியாது என்ற அதன் முடிவு எல்லா இலக்கிய மீளாய்விலும் இருக்கும். மற்றப் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. பாஷெலியே நம்பியிருந்த செவ்வன் பரம்பலில் அந்த விலைகள் அடங்கவில்லை, பெரிய விழுத்தல்களும் பெரிய எழுச்சிகளும் அது சொல்லுகிற அளவைவிட அடிக்கடி வருகின்றன என்று அந்த ஆய்வேட்டின் பெரும்பகுதி காட்டுகிறது. 1987 ஒக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 22.6 வீதம் விழுந்தது. செவ்வன் பரம்பல்படி பிரபஞ்சத்தின் வயதுக்குள்கூட எதிர்பார்க்க முடியாத விழுக்காடு அது.

எங்கட வட்டத்தில் ஒரு தோழி ஒரு வருடமாகத் தன் ஊர்ப் பெண்களின் சீட்டைப் பற்றிக் குறிப்பெடுத்து வருகிறாள். ஆர் எந்த மாதம் எடுக்கிறார், ஏன், ஆர் பிந்துகிறார், பிந்தினால் ஆர் கட்டுகிறார். அவள் கவனித்த ஒரு விஷயம்: சீட்டுப் பிடிக்கிற அன்ரி எல்லாரையும் கடற்தொழில் வீடுகளில் இருந்து எடுக்கமாட்டா. ஒரு ரீச்சர், தையல்காரி ஒருவர், வெளிநாட்டுக் காசு வருகிற வீடு ஒன்று என்று கலந்துதான் எடுப்பா. கடல் மூடினால் எல்லா வீட்டிலும் ஒரே மாதம் காசு நிற்கும் என்று அன்ரிக்குத் தெரியும். மார்க்கோவிட்ஸை அன்ரி வாசித்ததில்லை.

இதை ஆய்வேட்டுத் தலைப்பாகக் கொண்டுபோனபோது அவளிடம் முதலில் கேட்கப்பட்டது, இது சமூகவியலா பொருளியலா என்று. நிதியியல் என்று சொன்னால் அது வேறு பீடம். இரண்டு துறைக்கும் இடையில் அலைந்துவிட்டு, இப்போது சுற்றுலாத்துறை வளர்ச்சி பற்றிப் பாதுகாப்பான ஒரு தலைப்பை வைத்திருக்கிறாள், அரைமனதாக. நாங்கள் சொன்னது, படிவத்தைக் கொடுக்க முந்தி இன்னும் ஒரு கதவைத் தட்டு, அவர் எந்தப் பீடமென்றாலும் பரவாயில்லை என்று. இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைஞ்சு போச்சு. படிவத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கு.